கல்வேலியும் கையெழுத்தும்

ஓட்டோன் கிளிகா என்னும் குரோவாசிய ஓவியர் தம் 40ஆம் வயதில் தமக்குரிய பொருளைக் கண்டடைந்தார். 85ஆம் வயதில் கண்மூடும் வரை அதைவிட்டு அகலவில்லை. இடைப்பட்ட 45 ஆண்டுகளில் ஓவிய உலகில் எத்தனையோ கொள்கைகள் கொடி நாட்டின. நாட்டிய வேகத்திலேயே கொடி இறக்கின. அவர் பிறந்தபோது அந்நிலத்தை ஆண்ட ஆபுசுபர்க்குப் பேரரசு நான்கே ஆண்டுகளில் மறைந்தது. அதன்பின் வந்த முடியரசு போரில் வீழ்ந்தது. அதற்கும் பின்வந்த பொதுவுடைமைக் கூட்டாட்சி அவர் கண்முன்னரே குருதி சிந்திச் சிதறியது. கிளிகாவோ அத்ரியாட்டிக் கடலின் வடபால் உள்ள கிர்க் என்னும் ஒரு தீவின் கல்வேலிகளை வரைந்துகொண்டிருந்தார். இத்தகைய வாழ்வைப் பற்றித் தலையங்கம் தீட்ட என்ன இருக்கிறது என வினவுவோர் இருக்கலாம். நிலம் என்பது என்ன, அதனை ஆக்கியவர் யார், அதன் படம் எதற்காக வரையப்படுகிறது என்னும் வினாக்களுக்கு அவர் தூரிகை தந்த விடையைப் போல் தெளிவானதொரு விடையை நாம் வேறெங்கும் அரிதாகவே கண்டுள்ளோம். அதனாலேயே எழுதுகிறோம்.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமானது. 1914 மே 21 அன்று, இன்றைய சுலோவீனியாவில் உள்ள சர்னோமெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். சாகிரெப் நகரின் நுண்கலைக் கல்விக்கழகத்தில் பயின்று 1937இல் பட்டம் பெற்றார். மரினோ தர்த்தாலியா அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். மறு ஆண்டு பாரிசு சென்றார். பிரெஞ்சு ஓவியர் செசான் மறைந்து 30 ஆண்டுகள் கடந்த பின்னும் ஐரோப்பிய இளைஞர் அவரிடமே பாடம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கிளிகாவும் கேட்டார். பழங்கள், குடங்கள், முகங்கள், வீட்டுக்கூரைகள் என அவர் தொடக்க நாளில் வரைந்தவை யாவும் செவ்வையானவை. நல்ல மாணவனின் விடைத்தாள் போன்றவை. அவற்றோடு அவர் நின்றிருந்தால் கலை வரலாற்றின் அடிக்குறிப்புகளில் ஒன்றாய் நின்றிருப்பார்.

குரோவாசியாவின் புத்தோவிய வரலாற்றைப் புரட்டுவோர் முதலில் காண்பது இளஞ்சாவுகளை. நீர்வண்ணத்தில் அல்லிக்குளங்களைத் தீட்டிய, செவிப்புலனற்ற சிலாவா ராஷ்காய் 29ஆம் வயதில் எலும்புருக்கி நோய்க்கு இரையானார். மியூனிக்கில் பயின்று பாரிசு சென்ற யோசிப் ராசிச் 1908இல், 23 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய தோழர் மிரோஸ்லாவ் கிராலெவிச்சுக்குக் கிடைத்தவை 27 ஆண்டுகள். தால்மாத்தியக் கடற்கரையைத் தீப்பற்றி எரிவதுபோல் வரைந்த இக்னாத் யோப், 1936இல் 41 வயதில் அதே எலும்புருக்கியால் மாண்டார். இவர்களின் கலை பெரிது, ஐயமில்லை. ஆயினும் இவர்களைப் பற்றி எழுதப்படுவதில் பாதி, கலையை விட்டுச் சாவைச் சுற்றியே வருகிறது. துன்பம் இல்லாத கலைஞன் முழுக் கலைஞன் அல்லன் என்றொரு மூடநம்பிக்கை எல்லா நாடுகளிலும் வேரூன்றிக் கிடக்கிறது. கிளிகாவின் வாழ்வில் அந்த நம்பிக்கைக்குத் தீனி இல்லை. அவர் மணந்தார், வரைந்தார், மீண்டும் வரைந்தார், முதுமையில் இறந்தார். ஆகவேதான் அவரைப் பற்றிப் பேசுவோர் படத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டியிருக்கிறது. இதனை நாம் அவருடைய பேறு என்றே கருதுகிறோம்.

படத்தைப் பேசுமுன் நிலத்தைப் பேச வேண்டும்.

கிர்க், 400 சதுரக் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த பரப்புள்ள தீவு. அடியெல்லாம் சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் நீர் தங்காது. கல்லின் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். மண் என்பது அங்கே பரப்பாகக் கிடப்பதன்று. பாறைக் குழிகளில் கையளவு கையளவாக ஒதுங்கிக் கிடப்பது. இது போதாதென்று காற்று. எதிர்க்கரையில் சுவர்போல் நிற்கும் வெலெபித் மலைத்தொடரைத் தாண்டிக் குளிர்காலத்தில் பாய்ந்து இறங்கும் வடகீழ்க் காற்றுக்குப் ‘பூரா’ என்று பெயர். அக்கரையோரங்களில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைக் கடந்ததுண்டு. மண்ணை வாரிக்கொண்டு போவது மட்டுமன்று; கடல்நீரைத் துவலையாக்கி உப்பைக் கொண்டுவந்து இலைமேல் படியவைக்கும். தீவின் கீழ்க்கரை பல இடங்களில் நிலவின் தரைபோல் வெறுமையாய் வெளுத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

இத்தகைய நிலத்தில் ஒருவன் உழ வேண்டுமானால் முதலில் கல் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? ஓரத்தில் அடுக்க வேண்டும். அடுக்கிய கல் வேலியாயிற்று. இந்த நிலத்துக்கும் அந்த நிலத்துக்கும் எல்லையாயிற்று. ஆடு தாண்டாமல் தடுக்கும் அரணாயிற்று. காற்றை மறிக்கும் காப்பாயிற்று. இதற்குத்தான் அத்தீவினர் ‘கிரொமாச்சா’ என்று பெயரிட்டனர், பன்மையில் ‘கிரொமாச்சே’. சுண்ணச்சாந்து இல்லை, சேறு இல்லை; கல்லின்மேல் கல் தன் எடையாலும் வடிவாலும் மட்டுமே நிற்கிறது. ஒற்றை வரிசையாகவும் வைப்பர். இருபுறமும் பெருங்கல் அடுக்கி நடுவே சில்லுக்கல் நிரப்பியும் வைப்பர். இடைவெளிகள் வேண்டுமென்றே விடப்படுகின்றன. முழுச் சுவரைக் காற்று மோதித் தள்ளிவிடும். இடுக்குள்ள வேலியினூடே அது நுழைந்து, வேகம் தணிந்து, மறுபக்கம் வெளியேறும். இதை எந்தப் பொறியியல் நூலும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பாஷ்கா என்னும் ஊருக்கு மேலுள்ள மேட்டுநிலத்தில் இந்தக் கைத்தொழிலின் உச்சத்தைக் காணலாம். ‘மிர்காரி’ எனப்படும் ஆட்டுக்கிடைகள் அங்கே பூவின் வடிவில் கட்டப்பட்டுள்ளன. நடுவே ஒரு முற்றம். அதனைச் சுற்றி இதழ்கள் போல் சிறு தொழுவங்கள். மேய்ச்சல் நிலத்தில் கலந்து மேய்ந்த பலருடைய ஆடுகளை முதலில் முற்றத்தில் அடைப்பர். பின், காதில் இட்ட குறியைப் பார்த்து, ஒவ்வொருவர் ஆட்டையும் அவரவர் இதழுக்குள் தள்ளுவர். மேலிருந்து பார்க்கும் பறவைக்குத்தான் அது பூ. கீழே நின்ற இடையனுக்கு அது கணக்கேடு. அழகு செய்ய வேண்டும் என்று எண்ணி அவர்கள் ஒரு கல்லையும் வைக்கவில்லை.

இத்தீவின் வடமேற்கில், செங்குத்தான கடற்பாறைமேல் அமர்ந்த ஓமிஷால் என்னும் ஊர் கிளிகாவின் மனைவி மிலா கும்பத்தோவிச் பிறந்த ஊர். அவரும் ஓவியர், 1915இல் பிறந்து 2004 வரை வாழ்ந்தவர். கணவரின் பெருமையைப் பாடும் கட்டுரைகளில் இவ்வம்மையாருக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் ஒரு வரி. அந்த ஒரு வரியிலும் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது: உள்நாட்டில் பிறந்து நகரில் பயின்ற கிளிகா இத்தீவுக்கு மருமகனாக வந்தவர். தீவில் பிறந்தவன் கண்ணுக்குக் கல்வேலி தெரியாது. வீட்டுச் சுவரைப்போல் அது என்றும் அங்கேயே இருப்பது. விருந்தாக வந்த நகரத்தான் கண்ணுக்கும் தெரியாது. அவன் கடலைப் பார்ப்பான். உறவு கொண்டு வந்து, ஆண்டுதோறும் திரும்பி வந்து, தங்கிப் பார்த்தவருக்கே அது தெரிந்தது. அதுவும் உடனே தெரியவில்லை.

1950களின் தொடக்கம். பாஷ்காவை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கின் மேலே நின்று கல்வேலிகளைக் கோட்டோவியமாக வரைந்துகொண்டிருந்தபோது, கீழே விரிந்து கிடந்த அந்தக் கல்வரிகள் கிளகோலித்து எழுத்துகளைப் போல் தமக்குத் தோன்றியதாக அவரே பின்னாளில் சொன்னார். கிளகோலித்து என்பது சுலாவிய மொழிக்கென 9ஆம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட எழுத்து. அதை ஆக்கியவர் தூய சிரில் எனக் கொள்வர். மற்ற நாடுகள் அதைக் கைவிட்ட பின்னரும் குரோவாசியக் கடற்கரையும் தீவுகளும் நூற்றாண்டுக் கணக்கில் அதைப் பேணின. அவற்றுள் கிர்க் தலைசிறந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் அடியில்தான் யுராந்துவோர் என்னும் சிற்றூரும் அங்குள்ள தூய லூசியின் கோயிலும் உள்ளன. குரோவாசியரின் முதன்மைக் கல்வெட்டான பாஷ்கா கற்பலகை அக்கோயிலுக்கு உரியது.

ஏறத்தாழ 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த அப்பலகை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. ஏறத்தாழ 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், 800 கிலோ எடை. கோயிலின் உள்ளே தடுப்புச் சுவராக நின்றது பிற்காலத்தில் தளக்கல்லாகப் பதிக்கப்பட்டது. வழிபட வந்தோர் காலால் மிதித்து மிதித்து எழுத்துகள் தேய்ந்தன. 1851இல்தான் அது கல்வெட்டு என்று கண்டறியப்பட்டது. 13 வரிகள். குரோவாசிய மன்னன் சுவோனிமிர் தன் நாளில் அக்கோயிலுக்குத் தரிசு நிலம் ஒன்றை நிவந்தமாக அளித்தான் என்பதும், அதற்குச் சான்றாய் நின்றோர் இன்னார் என்பதும், மறுத்துப் பேசுவோரைக் கடவுளும் திருத்தூதரும் சபிக்க என்னும் ஓம்படைக்கிளவியும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் அரசன் தன் மொழியில் தன் பெயரோடு குறிக்கப்பட்ட கல் என்பதால் குரோவாசியர் அதைத் தம் மக்களின் பிறப்புச் சான்றாகப் போற்றுகின்றனர். போற்றட்டும். அப்பெருமைக்குள் மறைந்துபோகும் எளிய செய்தி ஒன்றை நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்: அக்கல் பேசுவது போரையோ வெற்றியையோ அன்று, ஒரு துண்டுத் தரிசை.

மன்னன் கொடுத்தான், மடத்தலைவன் எழுதினான், எழுத்து நின்றது. அந்தத் தரிசில் கல் பொறுக்கியவன் யார்? அவன் பெயர் பலகையில் இல்லை. அவன் எழுதியது பலகைக்கு வெளியே, பள்ளத்தாக்கு முழுவதும் கிடந்தது. கிளகோலித்து எழுத்துகளில் பல, சிறு வளையங்களும் மூடிய கட்டங்களும் கோட்டால் இணைந்த வடிவின. கல்வேலிகளும் அவ்வாறே சிறு சிறு நிலத்தை வளைத்து மூடி ஒன்றோடொன்று இணைகின்றன. இந்த ஒப்புமை வெறும் கண்மயக்கமாக இருக்கலாம். எழுத்தை ஆக்கியவன் கிர்க்கின் வேலியைப் பார்த்தவன் அல்லன். ஆனால் ஓவியருக்கு அந்த மயக்கம் ஒரு கதவைத் திறந்துவிட்டது. 1954இல் அவர் வரைந்தது காட்சியாக அமையவில்லை. கையெழுத்தைப் படியெடுத்ததுபோல் அமைந்தது.

அவருடைய ‘கிரொமாச்சே’ படம் ஒன்றன் முன் நின்றால் முதலில் ஏற்படுவது திகைப்பு. வானம் இல்லை. தொடக்க நாட்படங்களில் மேலோரத்தில் சிறிதளவேனும் தொடுவானம் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னர் அதுவும் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. நிலம் நிமிர்ந்து நிற்கிறது. மேட்டிலிருந்து கீழே பார்ப்பவனின் நிலம், சுவரில் தொங்கும்போது அவன் முகத்துக்கு நேரே எழுந்துவிடுகிறது. கருங்கோடுகள் வலைபோல் படர்கின்றன. வளைகின்றன, முட்டுகின்றன, ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் நெகிழ்கின்றன. அவற்றிடையே சாம்பல், துரு, காவி, உலர்ந்த புல்லின் பசுமை, எங்கோ ஒரு கீற்று நீலம். அந்த நீலம் கடலா நிழலா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. மனித உருவம் இல்லை, மரம் இல்லை, ஆடு இல்லை.

கிட்டே சென்றால் வண்ணத்தின் தடிப்புத் தெரியும். கட்டை கட்டையாக, மேடும் பள்ளமுமாக வண்ணம் வைக்கப்பட்டிருக்கிறது. பூசியதென்று சொல்ல வாய் வரவில்லை; அடுக்கியதென்றே சொல்ல வேண்டும். ஒரு தீற்றலின்மேல் இன்னொரு தீற்றல், அதன் ஓரத்தில் ஒரு சிறு சில்லு. இங்கேதான் கிளிகாவின் உண்மையான வெற்றியைக் காண்கிறோம். கல்வேலியின் தோற்றத்தை வரைந்தவர் பலர் இருக்கலாம். அவர் கல்வேலி கட்டும் செயலை வரைந்தார். கட்டியவனின் கை சென்ற வழியே ஓவியரின் கையும் சென்றது. எடு, திருப்பிப் பார், பொருந்தும் இடத்தில் வை, பொருந்தாவிட்டால் அடுத்ததை எடு. படத்தில் மனிதன் இல்லாமைக்கு இதுவே விடை. மனிதன் உருவாக வந்து நிற்கத் தேவையில்லாத அளவுக்குப் படம் முழுவதும் மனித உழைப்பாக இருக்கிறது.

நிலக்காட்சி ஓவியம் என்னும் கலைமேல் நமக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. பண்ணையின் மாடத்தில் நின்று பார்த்த கண்ணே அதன் கண்ணாகப் பெரும்பாலும் இருந்துவந்திருக்கிறது. வயல் பச்சையாக இருக்கும். அதைப் பச்சையாக்கியவன் தொலைவில் ஒரு புள்ளியாக, அழகுக்காக வைக்கப்பட்டிருப்பான். உழைப்பைத் துடைத்துவிட்டு இயற்கை என்று பெயரிடும் பழக்கம் அது. உணர்ச்சி பொங்கும் நிலக்காட்சி எனப் புகழப்படுவனவும் இதற்கு விலக்கல்ல. அங்கே பொங்குவது ஓவியனின் உணர்ச்சி, நிலம் அதனை உலர்த்தும் கொடிக்கம்பி. கிளிகாவின் தூரிகையிலும் வேகம் உண்டு, வெம்மை உண்டு. ஆனால் அந்த வெம்மை அவருடைய மனநிலையை நமக்கு அறிவிப்பதில்லை. குனிந்த முதுகுகளின் வெம்மை அது.

இப்படங்களை அருவ ஓவியம் என்று வகைப்படுத்துவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அக்காலச் சூழலை எண்ணினால் அது வியப்பன்று. 1948இல் மாசுகோவுடன் உறவு முறிந்த பின், யுகோசுலாவியாவில் கலைஞர் கைகளில் இருந்த கட்டு மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1951இல் சாகிரெப்பில் ‘எக்சாத் 51’ என்னும் குழு தோன்றி வடிவக்கணித ஓவியத்துக்கு வாதாடியது. ஓவியர் எதோ மூர்த்திச் அமெரிக்கா சென்று திரும்பி, 1953இல் அந்நாட்டு நகரங்களின் ஆரவாரத்தைத் துணியில் கொட்டிக் காட்டினார். கிளிகாவின் முதல் கல்வேலிப் படங்கள் வந்த வேளை அதுவே. வலைபோன்ற கோடுகளைக் கண்டவர்கள் அவரையும் அந்த அணியில் சேர்த்தனர். 1963இன் தொடக்கத்தில் நாட்டின் தலைவர் திட்டோவே அருவ ஓவியத்தைக் கண்டித்துப் பேசினார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஓவியத்துக்கு வகைப்பெயர் சூட்டுவது அந்நாளில் வெறும் ஏட்டுப் பேச்சாக இருக்கவில்லை.

நம் முடிபு வேறு. ஓமிஷாலின் கிழவி ஒருத்தி அப்படத்தைப் பார்த்தால், இது எங்கள் மேட்டுக்காடு என்று சொல்லக்கூடும். திறனாய்வாளர்தாம் அங்கே உருவத்தைக் காணாமல் தடுமாறுவார். நிலத்தின் வடிவமே வலையாக இருக்கும்போது வலையை வரைந்தவன் உள்ளதை வரைந்தவன். கிளிகா அருவத்தை நோக்கிச் செல்லவில்லை. அருவம் என்று நாம் எண்ணுவதை உழவர்கள் முன்பே கட்டி வைத்திருந்தனர்.

குறை கூறவும் வேண்டும்; கூறாவிடில் இது பாராட்டு மடலாகிவிடும். 45 ஆண்டுகள் ஒன்றையே வரைந்தவர் எல்லா ஆண்டும் ஒரே ஆற்றலோடு வரைந்திருக்க இயலாது. பிற்காலத்து வண்ணம் செழித்து ஒளிர்ந்த படங்கள் சிலவற்றில் கல்லின் எடை குறைந்துவிட்டது. கம்பளத்தின் கோலம் போல் அவை கண்ணுக்கு இனியன, அவ்வளவே. காரிருளும் சாம்பலும் மண்டிய முற்காலப் படங்களே நம் நெஞ்சில் நிற்கின்றன. வாங்குவோர் இல்லங்களுக்கு ஏற்பக் கற்கள் கனம் குறைந்தனவோ என்று ஐயுறத் தோன்றும். ஆனால் உடனே இதையும் சொல்ல வேண்டும்: செசான் தம் ஊர் மலையைப் பற்பல முறை வரைந்ததை விடாமுயற்சி என்று போற்றுவோர், ஒரு தீவின் ஓவியர் அதையே செய்யும்போது சலிப்பு என்று சொல்லலாகாது.

அவர் ஒருவரே அக்கல்லைக் கண்டவர் என்றும் எண்ணிவிடக் கூடாது. தால்மாத்திய உள்நாட்டின் திச்மோவில் 1908இல் பிறந்தவரும் எழுத்தாளர் திங்கோ ஷிமுனோவிச்சின் மைந்தருமான பிரானோ ஷிமுனோவிச், தம் பிறந்த நிலத்தின் கற்குவியல்களையும் எல்லை வேலிகளையும் நெடுங்காலம் வரைந்தார். இருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஷிமுனோவிச்சின் நிலம் வறுமையின் நிலம், மண்ணின் நிறமும் இரவின் நிறமுமே அதில் மிகுதி, பார்ப்பவன் பெருமூச்செறிவான். கிளிகாவின் நிலத்தில் காற்று வீசுகிறது; கோடுகள் ஓடுகின்றன. ஒருவர் அந்நிலம் மனிதனைச் செய்ததை வரைந்தார்; மற்றவர் மனிதன் அந்நிலத்தைச் செய்ததை வரைந்தார். இருவரில் எவர் பெரியர் என்னும் வழக்கில் நாம் நுழையோம்.

புகழ் கிளிகாவைத் தேடி வந்தது. வெனிசு நகரின் ஈராண்டுக் கண்காட்சி வரை அப்படங்கள் சென்றன. ரியேக்கா நகரில் 1885இல் திறக்கப்பட்ட நாடக அரங்கு ஒன்று உண்டு. இளமையில் குசுத்தாவ் கிளிம்த்தும் அவர் தம்பி எர்ணெசுத்தும் தோழர் பிரான்சு மாட்சும் சேர்ந்து தீட்டிய ஓவியங்கள் அதற்கெனவே வந்தவை. பொன்முலாம் பூசிய மாடங்களும் சிறகு முளைத்த தெய்வங்களும் நிறைந்த அந்த அரங்குக்கு விழாத்திரை தீட்டியவர் கிளிகா. அவர் தீட்டியதும் கல்வேலியே. பட்டாடை உடுத்தி வந்தமர்ந்து, விளக்கு அணைவதற்காகக் காத்திருக்கும் அவையினர், ஆட்டிடையர்களின் வேலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. நாடகம் தொடங்குமுன் அந்நகரம் தனக்குத்தானே நடத்திக்கொள்ளும் நாடகம் இது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் வேலிகள் என்னாயின?

1970இல் ரியேக்காவின் வானூர்தி நிலையம் ஓமிஷாலுக்கு அருகே, கிர்க் தீவிலேயே திறக்கப்பட்டது. 1979இல் எண்ணெய்க் குழாய்த்தொடரின் முனையம் அதே ஊரில் அமைந்தது. 1980இல் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் எழுந்தது; 390 மீட்டர் நீளமுள்ள அதன் வளைவு அந்நாளில் கற்காரை வளைவுகளுள் உலகிலேயே நீண்டது. 2021 முதல் நீர்ம எரிவளி இறக்கும் மிதவை முனையமும் ஓமிஷாலில் இயங்குகிறது. கிளிகாவின் கண் பழகிய கரை அது. இவை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. பாலம் இல்லாத தீவில் நோயாளி பட்ட பாட்டைத் தீவினரே அறிவர். வேலை தேடிக் கடல்கடந்து அமெரிக்கா வரை போனவர்களின் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைத்ததும் சிறு செய்தியன்று. எனினும் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பூரா வலுத்து வீசும் நாளில் அப்பெரும்பாலம் போக்குவரத்துக்கு மூடப்படுகிறது. காரையில்லாக் கல்வேலி அன்றும் காற்றைத் தன்னூடே விட்டுக்கொண்டு நிற்கிறது.

நிற்கும் வேலிகளின் எண்ணிக்கைதான் குறைந்துவருகிறது. உழுவார் இல்லாத நிலத்தில் வேலிக்கு வேலையில்லை. ஆடு குறைந்தது, முள்ளும் புதரும் ஏறின. உருண்ட கல்லை மறுநாளே எடுத்து வைக்கும் கை இல்லை. கோடை விடுதிகளுக்கு வரும் விருந்தினர்க்குக் கடல் போதும். காரையில்லாக் கற்கட்டுக் கலையை 2018இல் யுனெசுகோ மாந்தரின் அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. குரோவாசியா உள்ளிட்ட எட்டு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்துப் பெற்ற ஏற்பு அது. நன்று. பட்டியலில் பெயர் ஏறுவதால் கல் ஏறிவிடாது. கற்கட்டுக் கலையை இளைஞர்க்குக் கற்பிக்கும் பட்டறைகள் குரோவாசியாவில் நடைபெறுகின்றன. கட்டடக்கலை மாணவர்கள் வந்து முதியவர்களிடம் கேட்டுக் கற்றுச் செல்கின்றனர். பட்டியலை விட அந்தப் பட்டறைகளிடமே நமக்கு நம்பிக்கை மிகுதி.

கிளிகா 1999 சூன் 19 அன்று சாகிரெப்பில் காலமானார். அவருடைய படங்கள் அந்நகரின் அருங்காட்சியகத்தில் ஈரமும் வெப்பமும் அளந்து பேணப்படுகின்றன. அவ்வாறு பேணப்பட வேண்டியவையே. ஆயினும் அவை வேலிகளுக்கு மாற்றாக வரையப்பட்டவை அல்ல. ஓவியம் இருக்கிறதே, வேலி போனால் என்ன என்று எண்ணும் நாடு, கிளிகாவைப் புரிந்துகொள்ளாத நாடு. கட்டும் கையை மறவாதிருக்க அவர் வரைந்தார். மறப்பதற்கு வசதியாக அவற்றைச் சுவரில் மாட்டிவிடலாகாது. மரபுக்கென ஒதுக்கும் பொருளில் ஒரு பங்கு, சட்டம் போட்ட கல்லுக்குப் போவதுபோல் சரிந்து கிடக்கும் கல்லுக்கும் போக வேண்டும். வேலி பேணும் உழவனுக்கும் இடையனுக்கும் ஆண்டுதோறும் உதவி தருவது, கண்காட்சி ஒன்றைத் திறந்துவைப்பதைக் காட்டிலும் கிளிகாவுக்குச் செய்யும் நேரிய சிறப்பு.

பாஷ்கா கற்பலகையை 1934இல் சாகிரெப்புக்குக் கொண்டு சென்றுவிட்டனர். இன்று அது அங்குள்ள அறிவியல் கலைக் கழகத்தில் இருக்கிறது. யுராந்துவோர் கோயிலில் இருப்பது அதன் படி. 800 கிலோ கல்லைத் தூக்கிச் சென்று காக்க முடிந்தது. கோயிலுக்கு மேலே உள்ள மலைச்சரிவை அவ்வாறு தூக்கிச் செல்ல இயலாது. அங்கு விழுந்த கல்லை அங்கேயே நின்றுதான் எடுத்து வைக்க வேண்டும். கிர்க்கின் மக்கள் தங்கள் பிள்ளைகளை ஒரு நாளாவது அங்கே அழைத்துச் செல்லட்டும்.